புகைச் சுரங்கத்தில் வைத்த நெல்

எங்கள் அக்கா கடம்பத்தூர்ப் பக்கம் ஏர் பிடித்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்து, கும்மிடிப்பூண்டி அருகே மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். தம் வீட்டில் வைத்துச் சோறு போட்டுப் படிக்க வைத்தவர் அவர்.

அவ்வீட்டின் பின்னால், வெள்ளைக்காரன் காலத்தில் ஈயம் உருக்கிய ஆலை இடிந்து கிடக்கிறது. உலையின் புகை போன செங்கல் சுரங்கம் மட்டும் முழுசாக நிற்கிறது. ஈரம் ஏறாது, வண்டு அண்டாது என்று மாமா அதில்தான் நெல் மூட்டை அடுக்குவார். வருடந்தோறும் உள்ளே படிந்த தூளைப் பெருக்குவது அக்காவின் வேலை.

மாமாவின் தங்கை கல்யாணத்துக்கு முந்தின வாரம், சுரங்க வாயில் நெல் பொறுக்கிய கோழிகள் ஒவ்வொன்றாகக் கழுத்துத் தொங்கிச் செத்தன. பந்திக்கு வைத்திருந்த மூட்டைகளை அக்கா அவிழ்த்துக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டார்.

"இன்னாடி பண்ணிக்கினு கீற? நாளைக்கு சனம் வந்து குந்தினா இன்னாத்தப் போடுவ?" என்று மாமா கத்தினார்.

"கேவுரு கீது, களி கிண்டறேன். செத்த கோழியப் பாத்துக்கினு அந்தச் சோத்தப் போட என்னால ஆவாது."

படித்த மிடுக்கில் நானும், "அது சீக்குக்கா, புக்குல போட்டுக்குது" என்றேன்.

"அப்ப உன் புக்கையே ஆக்கிப் போடுடா மாப்புள்ளைக்கு!"

அன்றுமுதல் உறவினர் வாயில் அவர் 'களிக்காரி'. அடுத்த அறுவடைக்கு மாமா மறுபடி அங்கேயே அடுக்கினார். மறுக்க முடியாமல் அக்காவும் பெருக்கினார்.

ஈயத்தூள் நஞ்சு என்று பிற்பாடு பாடத்தில் படித்து ஓடி வந்தேன். அதற்குள் அக்காவுக்கு ஓயாத வயிற்றுவலி. செம்பைத் தூக்க மணிக்கட்டு நிமிரவில்லை. காரணம் இதுதான் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. எனக்கும் உறுதியில்லை, மனம் மட்டும் ஒரு நிலையில் நிற்கவில்லை.

வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அண்டை வீட்டாருக்கும், கடைசிவரை சோறூட்டிய மாமாவின் தங்கைக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவின் கருமாதிக்கு இன்று போடும் சாப்பாட்டு அரிசி நான் கடையில் வாங்கியது, அச்சமின்றிச் சாப்பிடுங்கள்.

ஆனால் இவ்வருட நெல்லும் சுரங்கத்தில்தான் இருக்கிறது. அக்காவின் பிள்ளைகள் இருவரும் அதைத்தான் சாப்பிடப் போகிறார்கள். பேச்செடுத்தால் மாமா, "அது விஷம்னா அவள உள்ள அனுப்சது யாரு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார். அவருக்கு எழுத்துத் தெரியாது. பந்தியில் அவர் பக்கத்தில் உட்காருபவர் தயவுசெய்து இந்தத் தாளில் இனி வருவதை உரக்கப் படித்துக் காட்டுங்கள்:

மாமா, குறை சொல்ல எழுதவில்லை. சீக்கு என்று சொன்னவன் நானும்தான். நாளைக் காலை மூட்டைகளை வெளியே எடுக்கப் போகிறேன். நீங்களும் ஒரு கை பிடியுங்கள்.