கொம்புக்காரன் கன்று நட்ட நாள்

மலையடிவாரக் காரவள்ளியில் பஸ் முதல் வளைவில் ஏறும்போதே நடத்துனர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"தம்பி, அந்தப் போனைக் கீழ வையி. இன்னும் நாலு வளைவு போனா வாந்தி எடுப்பே. பக்கத்துல இருக்கறவரு வேட்டிதான் நாசமாப் போகும்."

வைக்க முடியவில்லை. திரையில் கொம்புக்காரன் மண்டியிட்டிருந்தான்.

கல்லூரி விடுதியில் நான் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டின் வில்லன் அவன். உண்மைப் பெயர் எங்கள் வாயில் நுழையாததால், தலையில் இருந்த கொம்புகளைப் பார்த்து அறையில் வைத்த பெயர் இது. ஊர்களை எரித்தவன். காய்த்து நின்ற தோப்புகளைக் கோடாலியால் சாய்த்தவன். அவனை ஒழிக்கத்தான் ஒரு மாதமாக விரல் தேய ஆடினேன். ஒருவழியாக விழுந்துவிட்டான். கொல்லவா, விட்டுவிடவா என்று கேட்டது திரை. கொல்வதற்குத்தான் விரல் போனது. ஏனோ, விட்டுவிட்டேன்.

திரை இருண்டது. மறுபடி வெளிச்சம் வந்தபோது நான் வீரன் இல்லை. நானே கொம்புக்காரன்! முதுகில் கூடையோடு, அவன் எரித்த அதே ஊரில் நின்றிருந்தேன். சனங்கள் கல்லெறிந்தார்கள். பழக்கதோஷத்தில் அடிக்கிற பொத்தானை அழுத்தினேன். அவன் அடிக்கவில்லை. அதே கோடாலியால் மண்ணைக் கொத்தி, கூடையிலிருந்து ஒரு கன்றை எடுத்து நட்டான். மறுபடி அழுத்தினேன். மறுபடி நட்டான். இத்தனை நாளும் வெட்டிய பொத்தான் அது. இனி அதில் கன்று நடத்தான் முடியும்!

"ஐயோ!" என்று கத்திவிட்டேன்.

"நாஞ் சொன்னேன்ல! தலையை ஜன்னலுக்கு வெளிய நீட்டு, நீட்டு!" என்றபடி நடத்துனர் ஓடிவந்தார்.

வாந்தி எல்லாம் இல்லை. அப்பாவின் நினைப்பு வந்துவிட்டது.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால், வரப்புத் தகராறில் குடித்துவிட்டுப் போன அப்பா, மாமாவின் காட்டில் சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருந்த மிளகுக் கொடிகளை அடியோடு வெட்டிவிட்டார். மாமா என் அம்மாவின் அண்ணன். எங்கள் மலையில் வரப்புக்காக அடித்துக்கொள்வார்கள், மண்டை உடையும்; ஆனால் காய்க்கிற கொடியில் யாரும் கத்தி வைக்கமாட்டார்கள். கொடிகள் மரத்தில் ஒட்டியபடியே காய்ந்து கருத்தன. அன்றோடு அம்மாவுக்குப் பிறந்த வீடு இல்லாமல் போயிற்று. அப்பா குடியை விட்டார், இன்றுவரை தொடவில்லை. அதை ஊர் நம்பவில்லை. அவரே நம்பவில்லை என்பதுதான் கொடுமை. மாமாவிடம் போய் ஒரு வார்த்தை பேசுங்கள் என்றால், "வெட்டுனவன் வெட்டுனவந்தான் கண்ணு" என்பார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எவ்வளவோ படித்தும் அந்த ஒரு வரிக்கு என்னிடம் பதில் இல்லாமல் இருந்தது.

இப்போது கிடைத்துவிட்டது! பஸ்ஸை விட்டு இறங்கி வீடுவரை ஓடினேன்.

அப்பா வாசலில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கையைத் துடைக்கச் சொல்லிப் போனைக் கொடுத்தேன். கதையை மூச்சு விடாமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த எருமை எதுக்கு அடி வாங்கீட்டே நிக்கறான்? கை இல்லியா?"

"அழுத்திப் பாருங்கப்பா."

அழுத்தினார். "அட, நடறான்! செரி, திருப்பி அடிக்கறதுக்கு எந்தப் பொத்தானு?"

"அதேதானுங்க. இனி அவனுக்கு வேற இல்லீங்க."

அப்பா கல் விழ விழ, கட்டைவிரலால் மெதுவாக அழுத்தி, ஒரு வரிசை முழுக்க நட்டு முடித்தார்.

"கடசீல சனம் இவன ஏத்துக்குதா?"

"நானே இன்னும் முடிக்கலீங்கப்பா."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அப்பனும் மவனும் போனுலயே தோப்பு வெய்யுங்க. மேலக்காட்டுல களை இடுப்பு உசரத்துக்கு நிக்குது."

மறுநாள் காலையில், எங்கள் காட்டுக்கென்று பைகளில் வளர்த்திருந்த மிளகுக் கொடிகளை அப்பா கூடையில் அடுக்கினார். "வாரியா?" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. 

மாமா தன் காட்டு வரப்பில் நின்றிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பி என்னிடம் சொன்னார்: "உங்கப்பன ஊட்டுக்குப் போகச் சொல்லு."

அப்பா முதல் மரத்தடியில் உட்கார்ந்து கொத்த ஆரம்பித்தார். ஒரு கொடியை நட்டார். அடுத்த மரத்துக்குப் போனார். மாமாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"டேய், தெக்கால நடறாரு பாரு! வெயிலு பூராவும் கொடி மேலதான உழுகும்? வடக்கால நடச் சொல்லு அந்தாள!"

உண்மைதான். மிளகை மரத்துக்கு வடக்கே நடவேண்டும் என்பது எங்கள் ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். அன்றைக்கு அப்பா திசையையே மறந்திருந்தார்.

"பதட்டத்துல தெரியலீன்னு உங்க மாமங்கிட்டச் சொல்லு கண்ணு."

"பதட்டமாம்! வெட்டறப்ப மட்டும் தெக்கு வடக்கு தெரிஞ்சுதான்னு கேளு!"

நான் எதையும் எடுத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. இருவருக்கும் நடுவே நான்கடி இடைவெளிதான். ஆனாலும் அந்தச் சொல் கல்லாக அப்பா மேல் விழுந்ததை நான் பார்த்தேன். அவர் தாடை இறுகியது. பழைய அப்பா எழுந்துவிடுவாரோ என்று பயந்தேன். அழுத்துங்கப்பா, அழுத்துங்க என்று மனசுக்குள் கத்தினேன்.

அப்பா குனிந்தார். நட்ட கொடியை மண்ணோடு பெயர்த்தார். மரத்தைச் சுற்றி வடக்கே போய்க் கொத்தினார்.

மாமா வரப்பை விட்டு இறங்கினார். பக்கத்து வாழையில் காய்ந்த பட்டையைக் கிழித்து நாராக்கிக்கொண்டு, அப்பாவுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ரொம்ப ஆழமாப் போச்சுங்க மாப்ள. மேல தூக்கிப் புடிங்க, கட்டறேன்."

மாப்ள! நான் அங்கே நிற்கவில்லை. வழியில் இரண்டு முறை வழுக்கி விழுந்து, சேறும் சகதியுமாக வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அம்மா, மாப்ளன்னாருங்க!"

"ஆரு? ஆர?"

"மாமா, அப்பாவை!"

அம்மா அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இன்னொருக்காச் சொல்லு சாமி." சொன்னேன். களியும் குழம்பும் தூக்குச்சட்டியில் ஏறின. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அவள் மாமா காட்டுப் பாதையில் இறங்கிவிட்டாள். நடந்த நடைக்கு, பின்னால் நான் ஓடவேண்டியிருந்தது.