பேழைக்குள் ஒரு துரும்பு

நல்லையா அலோன் என்ற துறைமுகப் பேட்டையில் பிறந்தவர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். மகனின் முதுகு அதற்கு வளையவில்லை. நகரத்துக்குள் ஒரு மாதா கோயிலையொட்டி இருந்த சின்ன அருங்காட்சியகத்தில், காவலுக்கும் கூட்டிப் பெருக்கவும் சேர்ந்தார். பதினெட்டு வருடமாயிற்று. திருநீறு பூசிக்கொண்டுதான் போவார். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

அங்கே ஒரு திருப்பண்டப் பேழை இருந்தது. எண்ணூறு வருடங்களுக்கு முன் பிரான்சில் செய்தது. எந்தக் காலத்திலோ ஒரு பாதிரியார் கப்பலில் கொண்டுவந்தது. இரண்டு கைக்குள் அடங்கும் செப்புப் பெட்டி, மேலெல்லாம் நீல எனாமல், முகப்பில் ஒரு பளிங்குச் சில்லு. பளிங்குக்குப் பின்னால் ஒரு புனிதையின் எலும்புத் துணுக்கு, அரிசி நீளம்தான் இருக்கும். வருகிறவர்களுக்கு அதை நல்லையா தன் வீட்டுப் பொருளைப் போலக் காட்டுவார்.

மார்ச் மாதம் நிலம் குலுங்கிய மதியம் பேழை அலமாரியோடு சரிந்தது. கண்ணாடி நொறுங்கிப் பளிங்கு கழன்று விழுந்தது. பதற்றத்தில் சிதறியதையெல்லாம் அள்ளிக் குப்பை வண்டியில் கொட்டிவிட்டார். அதற்குப் பிறகுதான் பேழைக்குள் பார்த்தார். ஒன்றும் இல்லை. தெருமுனைக்கு ஓடினார். வண்டி போய்விட்டிருந்தது.

பொறுப்பிலிருந்த ஃபாதர் பிரேம்நாத் வந்தார். "நல்லையாண்ணே, எலும்பு பத்திரமா?"

"இருக்கு ஃபாதர்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் போனதும் டீக்கடை மேசையிலிருந்து ஒரு பல்குச்சியை எடுத்து, முனையை ஒடித்து, டீயில் நனைத்துக் காயவைத்தார். பேழைக்குள் வைத்துப் பளிங்கை அழுத்தினார். வித்தியாசம் தெரியவில்லை.

தாய்லாந்துக்கு வேலைக்குப் போன நல்லையாவின் மகன் மோகனிடமிருந்து அப்போது இரண்டு மாதமாகப் பேச்சில்லை. ஒருநாள் மனைவி புஷ்பா மல்லிகைச் சரத்தோடு அருங்காட்சியகத்துக்கே வந்துவிட்டாள். பேழைக்கு முன் மண்டியிட்டு அழுதாள். நல்லையா துடைப்பத்தைப் பிடித்தபடி கதவருகில் நின்றார்.

நாலாம் நாள் மோகன் போன் செய்தான்.

புஷ்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர்க் குழாயடியில் எல்லாரிடமும் சொன்னாள். அடுத்த வாரம் மூன்று பெண்கள் மெழுகுவத்தியோடு வந்தார்கள். மூவருக்கும் பிள்ளைகள் தொலைவில் இருந்தார்கள். அம்சவேணி என்பவளின் மகனைப் பற்றி நாலு மாதமாகத் தகவலே இல்லை. அவள் நெற்றியை அலமாரியின் புதுக் கண்ணாடியில் வைத்து, எடுக்காமலேயே இருந்தாள்.

அன்று சாயங்காலம் நல்லையா ஃபாதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். ஃபாதர் பேழையைத் திறந்து, துரும்பை எடுத்து ஒரு தாளில் மடித்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா குப்பைமேட்டுலயாவது தேடியிருப்போம், அண்ணே. வேலையை விட்டு உங்களை அனுப்பமாட்டேன். ஆனா கும்பிட்டவங்ககிட்ட நீங்கதான் சொல்லணும்."

வீட்டில் சொன்னபோது புஷ்பா ஒரே கேள்விதான் கேட்டாள்.

"நான் அழுதேனே, அதைப் பாத்துக்கிட்டா நின்னீங்க?"

மறுநாள் அவரை முன்னால் விட்டு அவள் பின்னால் நடந்தாள். முதல் வீட்டுக்காரி திட்டினாள். இரண்டாவது வீட்டில் சிரித்தார்கள். திட்டியதைவிட அது வலித்தது. அம்சவேணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கடைசிவரை கேட்டாள்.

"அப்ப என் புள்ளை?" என்றாள்.

நல்லையா லுங்கி முனையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். புஷ்பா உள்ளே போய் அவளருகில் உட்கார்ந்தாள். அவர் வாசலோடு திரும்பி நடந்தார்.

இப்போது பேழையின் அருகில், "எலும்பு தொலைந்துவிட்டது" என்று மூன்று மொழிகளில் ஒரு அட்டை இருக்கிறது. யாராவது குனிந்து அதைப் படிக்கத் தொடங்கினால் நல்லையா அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்.