பேப்பர்களின்படி எனக்கு அக்கா இல்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் உடன்பிறந்த அக்காவை, அவர் பக்கத்துக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே, உலகத்தில் எங்கும் இல்லாத ஒரு பெண்ணாக மாற்றிய மடையன் நான்தான். பேனா என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது. வேறு யாரிலும் பழி போட வழியில்லை.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பலருக்கு நான் ‘பாஸ்போர்ட் மாமா’. கொழும்புத் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் கந்தோரில் கிளார்க்காக இருந்தவன் என்பதால், கடல் கடந்த விஷயம் எல்லாம் எனக்குத் தெரியும் என்று குடும்பம் முடிவு செய்துவிட்டது. நானும் மறுக்கவில்லை. உண்மையில் நான் அங்கே பார்த்தது வெங்காயமும் உருளைக்கிழங்கும் வந்த பெட்டிகளின் பத்திரங்களை. வெங்காயத்துக்குக் குடியுரிமைப் பிரச்சினை கிடையாது. மனிதருக்கு அது எவ்வளவு விநோதமானது என்பதை அக்காவின் கதையில்தான் படித்தேன்.

அக்கா பிறந்தது கொழும்பில், கொட்டாஞ்சேனையில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் ஐயா புறக்கோட்டையில் ஓர் இரும்புக்கடையில் வேலை பார்த்தார். அம்மா நோயாளியாக இருந்த காலத்தில் எனக்குத் தலை வாரி இழுத்து, பாடம் சொல்லித் தந்து, அடி போட்டு வளர்த்தவர் அக்கா. இவற்றில் மூன்றாவது எனக்கு மிகத் தெளிவாக நினைவிருக்கிறது. படித்து முடித்ததும் கோட்டையில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தார். அங்கும் பஸ்ஸிலும் பழகிய சிங்களத்தை அக்கா பேசினால், சந்தைக்காரர் விலை குறைப்பார். நான் பேசினால் கூட்டுவார்.

மருதானை ரெயில்வேயில் வேலை பார்த்த அத்தானைக் கைப்பிடித்து, ஹெந்தளையில் வாடகை வீட்டில் குடியிருந்து, ஒரு மகளையும் ஒரு மகனையும் பெற்றார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அந்த வீடு எரிந்தது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் மதிலுக்கு மேலால் பிள்ளைகளை வாங்கித் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்தது. அக்கா ஓடும்போது கையில் எடுத்தது பால்மா டின் ஒன்றை மட்டும். கலியாணச் சான்றிதழ் அலுமாரியோடு போனது. “அண்டைக்கு ஆருக்கு வேணும் சேர்ட்டிபிக்கட்? பிள்ளையளுக்குப் பால் வேணும்” என்று பின்னாளில் சொல்வார். கொஞ்சக் காலத்தில் அத்தான் கனடாவுக்குப் போய், பிறகு மூவரையும் தன்னிடம் எடுப்பித்தார்.

இந்த இடத்தில் எங்கள் பெயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. சொந்தப் பெயருக்கு முன்னால் தகப்பனின் பெயர் நிற்கும். பெண் கலியாணம் செய்தால் தகப்பன் விலகி, கணவன் வந்து நிற்பார். கனடாவின் படிவமோ குடும்பப் பெயர் கேட்டது. அத்தானுக்கு அவருடைய தகப்பனின் பெயரை எழுதினார்கள். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் அத்தானின் பெயரை எழுதினார்கள். நம்முடைய வழக்கப்படி எல்லாம் சரி. ஆனால் அந்த நாட்டின் கண்ணுக்கு அக்காவும் பிள்ளைகளும் ஒரே குடும்பம், அத்தான் யாரோ. ஒருமுறை பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதம், அக்காவைப் பிள்ளைகளின் மூத்த சகோதரி என்று நினைத்து, அடுத்த முறை தகப்பனாரையும் கூட்டி வரச் சொன்னதாம். அக்கா அதை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்தார். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அத்தானுக்கு ஒரு வயது கூடியது.

அக்காவின் மகன் இப்போது ஒஸ்லோவில். அவனுடைய பிள்ளைகளுக்கும் அத்தானின் பெயரே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. கோயிலில் நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளைக்கு அத்தானின் தாயார் ஆசையாக வைத்த பெயர், இன்று பனி கொட்டும் ஊரில் ஒரு பரம்பரையின் பெயர். அத்தான் ஒரு வம்சத்தைத் தொடக்கிவைத்தார். அது அவருக்கே தெரியாது.

அத்தான் காலமான பிறகு, கொழும்பில் நான் இருக்கும் வெள்ளவத்தைக்கே வந்துவிடப் போவதாக அக்கா அறிவித்தார்.

“அங்க உங்களை ஆரம்மா பாக்கிறது?” என்று மகள் கேட்டாள்.

“தம்பி இருக்கிறான்.”

“அதுதான் பயமாயிருக்கு.”

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியபோது, எத்தனை நாள் தங்குவீர்கள் என்று அதிகாரி கேட்டார். “இருக்கும் மட்டும்” என்று அக்கா சிங்களத்தில் சொன்னார். அவர் சிரித்துவிட்டு ஒரு மாத விசா குத்தினார். கனடாப் பிரஜையாகிய அன்றே அக்காவின் இலங்கைக் குடியுரிமை போய்விட்டது. அதன்பின் விசாவை நீட்டுவதும் காத்திருப்பதும் மறுபடி நீட்டுவதுமாகக் காலம் போனது. ஒருநாள் கடற்கரைப் பக்கம் நடந்து வரும்போது சொன்னார்: “பிறந்த ஊரில விருந்தாளி மாதிரி நாள் கேட்டு நிக்கிறன். சாகிறதெண்டாலும் விசா முடிய முதல் சாகவேணும் போல.” நான் ஒரு பகிடி விட்டேன். அக்கா சிரிக்கவில்லை. அன்றுதான் இது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று என் மண்டையில் ஏறியது. இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தீர்மானித்தோம். படிவத்தைப் பாஸ்போர்ட் மாமா நிரப்பினார்.

குடும்பப் பெயர் என்ற இடத்தில் எங்கள் ஐயாவின் பெயரை எழுதினேன், பிறப்புச் சான்றிதழில் அப்படித்தானே! கலியாணம் செய்தவர் என்பதால், அத்தானின் குடும்பப் பெயரையும், அதாவது அத்தானின் தகப்பனார் பெயரையும், நடுவில் செருகினேன். மிகவும் திருப்தியாக இருந்தது.

கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி மூன்று தாள்களையும் விரித்து வைத்தார். “பிறப்புச் சான்றிதழில் ஒருவர். பாஸ்போர்ட்டில் ஒருவர். நீங்கள் எழுதியிருப்பது மூன்றாவது ஆள். இவர் யார்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “அதைத்தான் மிஸ் நானும் யோசிக்கிறன்.”

அதிகாரி என்னிடம், “நீங்கள் இவருக்கு என்ன முறை?” என்றார்.

“மல்லி” என்றேன், தம்பி என்பதற்கு. என் அடையாள அட்டையை அக்காவின் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் பொதுவாக ஒரு பெயர்கூட இல்லை.

“மகத்தயா” என்று மரியாதையாகவே தொடங்கினார், “பேப்பரின்படி நீங்கள் இவருக்கு யாருமில்லை.”

பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினார். கொட்டாஞ்சேனையில் பிறந்த பிள்ளையும் கனடாப் பாஸ்போர்ட்டில் இருக்கும் அம்மாவும் ஒரே ஆள் என்று காட்ட வேண்டும். அதற்குப் பாலம் கலியாணச் சான்றிதழ். அதில்தான் தகப்பன் பெயரும் கணவன் பெயரும் சேர்ந்து இருக்கும். கூடவே, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று, இரண்டு காலத்திலும் அவரைத் தெரிந்த ஒருவரின் சத்தியக் கடதாசி.

எரிந்த சான்றிதழுக்குப் பிரதி எடுக்கப் பதிவுக் கந்தோருக்குப் போனோம். அக்கா திகதியைச் சொன்னார். அத்தானோடு ஒவ்வொரு வருடமும் கொண்டாடிய திகதி, எப்படி மறக்கும்? அங்கிருந்த இலிகிதர் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். அந்த நாளில் இல்லை. முன்னும் பின்னும் பார்த்தார். இல்லை.

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. அந்தப் பதிவு இல்லாவிட்டால் கொட்டாஞ்சேனைப் பிள்ளை இங்கேயே நிற்பாள், கனடா அம்மா விமானம் ஏற வேண்டும். பயம் வந்தால் பகிடி விடுவது என் வியாதி. “அப்ப அக்கா, அத்தான் இவ்வளவு காலமும் சும்மா வந்து இருந்திட்டுப் போனவரோ?” என்றேன். கையிலிருந்த ஃபைலால் என் தோளில் ஒன்று விழுந்தது. இலிகிதர் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்.

அக்கா சுவரோரம் கிடந்த வாங்கில் உட்கார்ந்து கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் திடீரென்று நிமிர்ந்தார்.

“டேய், நாங்கள் குடுத்தது தாலி கட்டின நாளையடா!”

எங்கள் ஆட்களுக்கு மட்டும் நேரக்கூடிய பிழை இது. எங்களில் ‘எழுத்து’ என்று ஒன்று உண்டு. பதிவாளரை வீட்டுக்கு அழைத்துக் கையெழுத்து வைத்து, பலகாரம் கொடுத்து அனுப்புவோம். சட்டப்படி கலியாணம் அன்றே முடிந்துவிடும். ஆனால் மாப்பிள்ளை தன் வீட்டுக்குப் போய்விடுவார். சில மாதம் கழித்துக் கோயிலிலோ மண்டபத்திலோ தாலி ஏறும் நாள்தான் எங்களுக்குக் கலியாணம். எழுத்து நாளை ஒருவரும் கொண்டாடுவதில்லை. அரசாங்கம் நினைவு வைத்திருப்பதோ அதை மட்டும்தான்.

“எழுத்து எப்ப அக்கா?”

“நீ கணக்கில ஃபெயிலான கிழமை. ரெஜிஸ்ட்ராருக்கு முன்னால ஐயா உன்னை ஏசினவர். அத்தான்தான் ‘விடுங்கோ மாமா, பெடியன்தானே’ எண்டவர்.”

பள்ளிக்கூட ஓ.எல். பரீட்சையில் கணிதத்தில் கோட்டைவிட்ட செய்தியை என் மனைவி பிள்ளைகளிடம் இருந்துகூட மறைத்து வந்தவன் நான். எழுத்து நாளைப் பிடிப்பதற்காக அதை அன்று ஓர் அரச அலுவலகத்தில், என் நொண்டிச் சிங்களத்தில், வரிசையில் நின்றவர்களும் கேட்க விளக்க வேண்டியதாயிற்று. இலிகிதர் சிரித்துச் சிரித்தே அந்த வருடத்துப் பக்கங்களைப் புரட்டினார். கிடைத்தது.

அக்கா அதை வாசிக்கவில்லை. அத்தானின் கையெழுத்தின் மேல் ஒரு விரலை வைத்தபடி நின்றார். இலிகிதர் அவசரப்படுத்தவில்லை.

வெள்ளவத்தையில் ஒரு சமாதான நீதவானின் முன் சத்தியக் கடதாசியில் கையெழுத்திட்டேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அக்காவைப் பார்த்து, “இவர் உங்கட சொந்தத் தம்பிதானே?” என்றார்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “வேற வழியில்லை. ஓம்.”

குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்த அன்று, காலி வீதியில் ஒரு கடையில் இருத்தித் தோசை வாங்கித் தந்தார். “இனி என்னை ஆரும் எத்தினை நாள் எண்டு கேக்கேலாது” என்று சொல்லி, வழக்கத்தைவிட ஒரு தோசை கூடவே சாப்பிட்டார். அதற்குப் பிறகு அக்காவுக்குக் கிடைத்தது ஒன்றரை வருடம். காலையில் கோயில், மாலையில் கடற்கரை, இடையில் என்னைத் திருத்தும் வேலை. கிராம சேவகரிடம் தானே போய் வாக்காளர் இடாப்பில் பெயர் பதிந்தார். இதயம் களைத்துப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, ரொறன்ரோவிலிருந்து மகளும் ஒஸ்லோவிலிருந்து மகனும் ஆளுக்கொரு விசாவோடு வந்து சேர்ந்தார்கள். “நீங்கள்தான் இப்ப விருந்தாளியள்” என்று அக்கா அவர்களைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளைகள் இருவரும் கையைப் பிடித்திருக்க, பிறந்த ஊரில், ஊர்க்காரியாகவே கண்மூடினார்.

அக்காவைக் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இரவு பகல் பாராமல் உதவிய மாடிக் குடியிருப்பு அயலவர்களுக்கும், இறுதிக் கிரியைகளை நடத்தித் தந்த குருக்களுக்கும், தூர தேசங்களிலிருந்து வந்தவர்களுக்கும் வர முடியாமல் தொலைபேசியில் அழுதவர்களுக்கும் எங்கள் நன்றி. அன்று மதிலுக்கு மேலால் கை நீட்டிய ஹெந்தளைக் குடும்பத்தின் மகள் செத்த வீட்டுக்கு வந்திருந்தார். அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு. எங்களைப் பொறுத்துக்கொண்ட கவுண்டர் மிஸ்ஸையும் இலிகிதரையும் மறக்க மாட்டோம்.

அக்காவின் பெயரை இந்தக் கட்டுரையில் ஓரிடத்திலும் நான் எழுதவில்லை. எழுதி ஒருமுறை பட்டது போதும். ஆஸ்பத்திரியில் ஒரு பின்னேரம், எனக்கு மறுபடியும் அந்தப் பகிடி வியாதி வந்தது. கட்டிலருகே குனிந்து கேட்டேன்:

“அக்கா, மேல வாசலில பெயர் கேட்டால் எதைச் சொல்லுவீங்கள்? சேர்ட்டிபிக்கட்டில இருக்கிறதையோ, பாஸ்போர்ட்டில இருக்கிறதையோ?”

அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

“உன்ர அக்கா எண்டு மட்டும் சொல்லமாட்டன்.”