கலியாணம் நடந்த திகதி

எனக்கு இரண்டு கலியாண நாட்கள். கணவர் ஒருவர்தான். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். முதலில் எழுத்து, பிறகு தாலி. பதிவாளரை வீட்டுக்கு அழைத்து, இரண்டு பக்கத்துச் சாட்சிகளும் நிற்க, புத்தகத்தில் கையெழுத்து வைப்பதுதான் எழுத்து. சட்டப்படி அன்றைக்கே கலியாணம் முடிந்துவிடும். ஆனால் தாலி ஏறும்வரை பெண் தாய்வீட்டில்தான் இருக்கவேண்டும், மாப்பிள்ளை அவருடைய வீட்டில். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வருடம்கூட ஓடிவிடும். எங்களுக்குப் பதினொரு மாதம் ஓடியது.

அவர் திருகோணமலைக்குப் பக்கத்துச் சீனன்குடாவில் பிறந்து வளர்ந்தவர். இப்போது இருப்பது ஒரு குளிர் நாட்டில். அதன் பெயரைச் சொன்னால் ‘அங்கதானே என்ர மச்சானும் இருக்கிறான்’ என்று நாலு பேர் கதையைத் தொடங்கிவிடுவார்கள், ஆகவே விட்டுவிடுகிறேன். வருடத்தில் பாதி நாள் பனி கொட்டும் அந்த நாட்டில் அவருக்குக் குளிர்சாதனப் பெட்டி திருத்தும் வேலை. முதன்முதலாகத் தொலைபேசியில் பேசியபோது அவர் இதைச் சொல்ல, எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“அங்க சாப்பாட்டை வெளியில வைச்சாலே காணுமே, பெட்டி என்னத்துக்கு?” என்று கேட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் ஓம் என்றேன். சாதகம் பொருந்தியதெல்லாம் அதற்குப் பிறகு.

எழுத்துக்காக அவருக்குக் கிடைத்த விடுமுறை பத்தே நாட்கள். அதற்குள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளவேண்டும் என்று நாங்கள் ஊர் சுற்றினோம். நாங்கள் என்றால் மூன்று பேர். தாலி கட்டாத பெண்ணைத் தனியே அனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை, தன் தங்கையைக் கூட அனுப்பினார். சித்தி ஆஸ்பத்திரியில் தாதி. ஒரு வேலையை ஒப்புக்கொண்டால் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நாங்கள் ஆளுக்கொரு வாளி அள்ளி ஊற்றினால் நடுவில் நின்று இரண்டு பக்கமும் நனைவார். இறக்கக்கண்டியில் கரைவலை இழுப்பதைப் பார்க்கப் போனபோதும் எங்கள் இருவருக்கும் இடையில்தான் நடந்தார். நாற்பத்தொரு படங்கள் எடுத்தோம். நாற்பத்தொன்றிலும் சித்தி இருக்கிறார், அதுவும் நடுவில், பல் தெரியச் சிரித்தபடி.

பதினொரு மாதம் கழித்து அவர் மறுபடி வந்து தாலி கட்டினார். மூன்று கிழமை ஒன்றாக இருந்தோம், அவர் போய்விட்டார். நான் போய்ச் சேர்வதற்கான விசா வேலை அப்போதுதான் தொடங்கியது. அங்கே அவர் ஒரு படிவம் நிரப்பவேண்டும், இங்கே நான் ஒன்று. பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை, மொழிபெயர்ப்பு, முத்திரை என்று ஒவ்வொன்றையும் தொலைபேசியில் பத்துத் தடவை கதைத்துச் சரிபார்த்தோம். திருமணத் திகதியைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை. அதில் கதைக்க என்ன இருக்கிறது? கலியாணம் எப்போது நடந்தது என்று இருவருக்கும் தெரியும்தானே. அவர் எழுத்து நாளை எழுதினார். நான் தாலி நாளை எழுதினேன்.

நாலு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. ‘கணவன் மனைவி என்று சொல்லும் நீங்கள் இருவரும் வெவ்வேறு திருமணத் திகதிகளைத் தந்திருக்கிறீர்கள், சமர்ப்பித்த படங்கள் எதிலும் நீங்கள் இருவரும் தனியாக இல்லை, கொழும்புக்கு நேர்முகத்துக்கு வரவும்.’ வாசித்ததும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகுதான் பயம். பொய்க் கலியாணம் என்று அவர்கள் ஒருமுறை எழுதிவிட்டால் அந்த எழுத்து எங்களைப் பல வருடங்களுக்குப் பின்தொடரும். அவராலும் அந்த வேலையை விட்டுவர ஏலாது, தம்பிமாரின் படிப்பு அவர் தலையில். நாங்கள் தொலைபேசிக்குள்ளேயே குடும்பம் நடத்தவேண்டியதுதான்.

கொழும்புக்குச் சித்தியும் வந்தார். அலுவலக வாசலில் காவலாளி அவரை மறித்து ஒரு கதிரையில் இருத்திவிட்டான். அன்றுதான் முதல் தடவையாக அவர் இல்லாமல் என் கலியாண விஷயம் ஒன்றுக்கு நான் தனியே போனேன்.

உள்ளே ஒரு வெள்ளைக்கார அதிகாரி, சின்ன வயது. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் அம்மா, காதோரம் நரைத்தவர். மேசையில் எங்கள் படங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள்.

அதிகாரி ஒரு படத்தில் விரலை வைத்தார். “தங்கச்சி, இது ஆரெண்டு கேக்கிறார்” என்றார் அந்த அம்மா.

“என்ர சித்தி.”

அடுத்த படம். “இது?”

“அதுவும் சித்திதான்.”

அதற்கடுத்த படத்துக்கு நானே முந்திக்கொண்டேன். “எல்லாத்திலயும் அவதான். அவ இல்லாமல் எங்களை விடமாட்டினம்.” அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தார்.

பிறகு திகதிக்கு வந்தார்கள். நான் எழுத்தையும் தாலியையும் விளக்கினேன். ஆறு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவள், விளங்கவைக்கத் தெரியும் என்ற திமிர் எனக்கு உண்டு. அதிகாரி பொறுமையாகக் கேட்டார். எல்லாம் கேட்ட பிறகு கையைக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னார்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “சட்டம் ஒரு நாளைச் சொல்லுது, சமயம் இன்னொரு நாளைச் சொல்லுது, அது விளங்குது எண்டுறார். ஆனா நீங்கள், உங்கட மனசுக்குள்ள, எந்த நாளில அவரின்ர மனிசியா ஆனீங்கள்? இதே கேள்வியை அங்க உங்கட மனிசனிட்டயும் இண்டைக்குக் கேக்கினம் எண்டும் சொல்லுறார்.”

எழுத்து என்றால் நான் எழுதியது பொய், தாலி என்றால் அவர் எழுதியது பொய். வாயில் வந்தது உண்மை மட்டும்தான்.

“மூதூருக்குப் போன நாள்” என்றேன்.

சித்தியோடு வேலைசெய்யும் மூதூர் அக்கா ஒருவர், எழுத்து முடிந்த கையோடு எங்களை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். பாலங்கள் வந்த பிறகு எல்லாரும் பஸ்ஸில்தான் போவார்கள். என் கணவர்தான், குடாவைக் கடக்கும் லாஞ்சுப் படகில் போவோம் என்றார். திருகோணமலைத் துறைமுகத்தை ஆண்டுக்கு ஆண்டு கரும்பலகையில் கீறி, இதன் ஆழம் இப்படி, கொட்டியாரக்குடாவின் அடியில் கடற்பள்ளத்தாக்கு ஒன்று கிடக்கிறது என்று பிள்ளைகளுக்கு நான் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தத் தண்ணீரின்மேல் ஒருநாளும் போனதில்லை. வெட்கக்கேடுதான். கரையிலேயே பிறந்து வளர்ந்த ஆளுக்கு அது எப்போதும் தெருமுனையில் தெரிகிற ஒரு நீலம், அவ்வளவுதான்.

லாஞ்சு உள்துறைமுகத்தின் அமைதியை விட்டு வெளியே வந்ததும் தண்ணீரின் நிறம் மாறியது. மலைகள் பின்னுக்குப் போயின. நான் வெண்கட்டியால் கீறிய கோடுகளெல்லாம் உண்மையான பாறைகளாக, உண்மையான மரங்களோடு இரண்டு பக்கமும் எழும்பி நின்றன. இத்தனை பெரிதையா நான் ஒரு கரும்பலகைக்குள் அடக்கினேன் என்று என்மேலேயே எனக்கு வெட்கமாக இருந்தது. சித்திக்குத் தலைசுற்றல். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நடு வாங்குப் பலகையில் பிள்ளையாரைக் கூப்பிட்டபடி குனிந்துவிட்டார். கணவர் எழுந்து ஓரத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்து நின்றார்.

திடீரென்று ஓட்டி எஞ்சினை நிறுத்தினார். சத்தம் அடங்கிய பிறகு இன்னொரு சத்தம் கேட்டது, நீளமான ஒரு மூச்சு. தண்ணீர் தூள்தூளாக மேலே எழும்பியது. பிறகு ஒரு முதுகு வந்தது. சாம்பலும் நீலமுமாக அது வந்தது, வந்துகொண்டே இருந்தது, முடிகிற மாதிரித் தெரியவில்லை. லாஞ்சைவிட நீளம். லாஞ்சில் அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டது.

அவர் என் பக்கம் திரும்பினார். கண்ணெல்லாம் தண்ணீர். “இஞ்ச வாரும்! பாரும்! பாரும்!” என்றார்.

அதுவரை அவர் என்னை நீங்கள் என்றுதான் சொல்லிவந்தார். சாப்பிட்டீங்களோ, பயமில்லையோ, தண்ணி குடிக்கிறீங்களோ. வங்கி முகாமையாளர் வாடிக்கையாளரோடு பேசுவதைப்போல ஒரு மரியாதை. நீங்கள் என்பது ஊரிலுள்ள எல்லாருக்கும். ‘பாரும்’ என்பதற்குள் இருக்கும் ‘நீர்’ அப்படியில்லை, அது நெருங்கியவருக்கு மட்டும். ஒரு ஆண் ஒரு பெண்ணை நீர் என்று கூப்பிட்டால் அந்த மரியாதைக்குள் அவன் தன்னையும் சேர்த்து வைக்கிறான். நான் எழுந்தேன். திமிங்கிலத்துக்கா அந்த ‘பாரும்’ என்ற சொல்லுக்கா என்று இன்றுவரை தெரியாது. போய்ப் பக்கத்தில் நின்றேன். அந்தப் பெரிய வால் ஒருமுறை வானத்துக்கு எழும்பி, சத்தமே இல்லாமல் உள்ளே போனது. சித்தி அதையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை.

இதையெல்லாம் சொன்னேன். அந்த அம்மா மொழிபெயர்த்தார். அதிகாரி தட்டெழுதுவதை நிறுத்திவிட்டார். ‘நீர்’ என்ற சொல் வந்த இடத்தில் ஆங்கிலம் முட்டுப்பட்டு நின்றது.

“முதலும் ‘யூ’, பிறகும் ‘யூ’. அப்ப என்ன மாறினது எண்டு கேக்கிறார்” என்றார் அந்த அம்மா என்னிடம். பிறகு என் பதிலுக்குக் காத்திருக்காமல் தானே அவரிடம் நீளமாக ஏதோ விளக்கினார். அதிகாரியின் புருவம் மெல்ல உயர்ந்தது. “நான் என்ர கதையைச் சொன்னனான் தங்கச்சி. என்ர மனிசன் மூத்த பிள்ளை பிறந்தாப் பிறகுதான் என்னை நீர் எண்டவர்.”

திமிங்கிலத்தின் படம் இருக்கிறதா என்று கேட்டார் அதிகாரி. இல்லை என்றேன். தொலைபேசி என் கணவருடைய சட்டைப்பைக்குள்தான் இருந்தது. எடுக்கவேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

வெளியே வந்ததும் தெருவில் நின்றே கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன். “உங்களிட்டயும் கேட்டவையோ? என்ன சொன்னனீங்கள்?”

“எழுத்து நாள் எண்டனான்.”

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. “திரும்பவும் எழுத்தோ! லாஞ்சில என்னை ‘பாரும்’ எண்டு கூப்பிட்டதை மறந்து போனீங்களோ?”

“அப்பிடியோ சொன்னனான்? எனக்கு நினைவில்லையே” என்றார்.

தொலைபேசியை வைத்துவிட்டேன். அது உலகமே இரண்டாகப் பிளந்த நேரம் என்று நான் ஒரு அந்நியருக்கு முன்னால் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், இந்த மனிதருக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. போதாததற்கு, முதலில் இரண்டு திகதி இருந்தது, இப்போது மூன்றாகிவிட்டது.

அடுத்த ஆறு கிழமை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பக்கத்துவீட்டு அக்கா கொடுத்த தடித்த குளிர்க்கோட்டு அலுமாரியில் தொங்கியது. அதைத் தொடவே பயமாக இருந்தது. பெட்டியை அடுக்கவில்லை, பாடசாலையில் விலகல் கடிதம் கொடுக்கவில்லை. அவரோடு தினமும் பேசினேன், ஆனால் அந்தக் கதையை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் சண்டையில் முடியும் என்று தெரியும்.

ஒரு காலைநேரம், இடைவேளைக்கு மணி அடித்தபோது மின்னஞ்சல் வந்தது. விசா அங்கீகரிக்கப்பட்டது. ஆசிரியர் அறையில் நின்ற இடத்திலேயே கதிரையில் இருந்துவிட்டேன். மூன்று திகதிகளையும் பார்த்த பிறகும், யாரோ ஒரு ஆள் எங்கோ ஒரு மேசையில் எங்களை நம்பியிருக்கிறார். அந்த வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

அவருக்கு எடுத்தேன். இரண்டு பேரும் அழுது முடித்த பிறகு, ஆறு கிழமையாக அடக்கி வைத்ததைக் கேட்டேன். “ஏன் எழுத்து எண்டு சொன்னனீங்கள்? சட்டத்துக்குப் பயந்தோ?”

“சட்டமோ? சீச்சீ” என்றார். “அண்டைக்குக் கையெழுத்து வைக்கேக்க உம்மட பேனை எழுதேல்லை. நீர் அதை ரெண்டு தரம் உதறிப்போட்டு, பதிவாளருக்குக் கேக்காமல் ‘சனியனே, இண்டைக்குத்தானோ உனக்கு’ எண்டு பேனையைப் பேசினீர். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. இவதான் என்ர மனிசி எண்டு அந்த இடத்திலயே மனசு சொல்லிப்போட்டுது. அதைத்தான் அவையளிட்டயும் சொன்னனான்.”

எழுத்து நடந்தது திங்கட்கிழமை. மூதூருக்குப் போனது அந்தச் சனிக்கிழமை. இடையில் ஐந்து நாட்கள். சாப்பிட்டீங்களோ, தண்ணி குடிக்கிறீங்களோ என்று சித்திக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஐந்து நாளும், நான் இன்னும் வந்து சேராத ஒரு கலியாணத்தில் அவர் தனியாக இருந்திருக்கிறார்.