பன்னிரண்டு டாங்கிகளும் பேசாத அரைமணி

லாரிப் பட்டறைக்காரரின் மகனாகப் பிறந்து, டாங்கிப் படைக்கே தளபதியானவர் அவர். வீரர்கள் அவருக்கு வைத்த பெயர் முசுடு. ஒரு டாங்கியின் சக்கரச் சங்கிலி கொஞ்சம் தளர்ந்திருந்தாலும், ரேடியோவில் ஊரே கேட்க வறுத்தெடுத்துவிடுவார். வாயிலிருந்து பாராட்டு மட்டும் அத்தி பூத்தாற்போலக்கூட வராது.

அன்று காலை பன்னிரண்டு டாங்கிகளை, எதிரி பதுங்கியிருந்த மலை இடுக்கு வழியாக அனுப்பியதும் அவர்தான். ஆற்றோரமாகச் சுற்றிப் போகலாம் என்று உதவி அதிகாரி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னால் தன் டாங்கியில் உட்கார்ந்து வரைபடப் பலகையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். முன்னால் போனவை புழுதியில் மறைந்தன. அதோடு ரேடியோவும் அடங்கிப்போனது.

கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. அரைமணி ஆயிற்று. ரேடியோக்காரர் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருந்தார். டாங்கிக்கு நான்கு பேர். நாற்பத்தெட்டுத் தாய்மார்களுக்கு என்னவென்று கடிதம் எழுதுவது?

"நாந்தான் கொன்னுட்டேன்," என்று புலம்பினார். "முதல் வண்டியில போன அந்த நெட்டையன் மாதிரி டாங்கி ஓட்ட ஆளு உண்டா? ஒரு நாளாவது அவன்கிட்ட சொன்னேனா, பாவி! எல்லாரும் முழுசாத் திரும்பி வரட்டும். இனிமே ஒருத்தனையும் திட்டமாட்டேன்."

சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது யாரும் பார்த்ததில்லை.

"ஐயா," என்றார் ரேடியோக்காரர் தயங்கித் தயங்கி. "அந்தப் பலகையக் கொஞ்சம் தூக்குங்க."

பலகையின் மூலை மைக் சுவிட்சை அமுக்கிக்கொண்டிருந்தது. அது அமுங்கியிருக்கும்வரை அவர் பேசுவது எல்லோருக்கும் கேட்கும். மற்றவர்கள் பேசுவது அவருக்குக் கேட்காது. 'சுவிட்சப் பாருங்கடா' என்று ஆயிரம் தடவை கத்தியவரும் அவரேதான்.

பலகையைத் தூக்கியதும் பன்னிரண்டு குரல்களும் முண்டியடித்து வந்தன.

"ஐயா, எல்லாரும் தாண்டியாச்சு! எதிரி முன்னாடியே காலி பண்ணிட்டுப் போயிட்டான். ஒரு கீறல் இல்ல!"

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் உறைத்தது.

"நான் பேசினது... கேட்டுச்சா?"

"ஒண்ணு விடாமக் கேட்டோம் ஐயா." நெட்டையனின் குரல் அது. "ஐயா, என் வண்டியில சங்கிலி தளர்ந்து கிடக்கு. இன்னைக்கே சொல்லிடறேன்."

தளபதி கத்துவதற்கு வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"இறங்கி முடுக்கிக்கப்பா," என்றார். "மெதுவாப் பண்ணு. அவசரமில்ல."