செல்வத்தின் கிப்புட்ஸில் என் கட்டில்

போன வாரம் துபாயின் தேரா பகுதியில் ஒரு டீக்கடை. டிவியில் காஸா செய்தி. பக்கத்து மேஜைக்காரர் சூடாகச் சொன்னார்: "இடதுசாரிங்கறவன் சியோனிஸ்டா இருக்கவே முடியாதுங்க!"

முடியாதா? எனக்குச் செல்வம் ஞாபகம் வந்துவிட்டான். டீ ஆறிப்போனது...

நான் துபாய்க்கு வந்த புதிது. ஆறு பேருக்கு ஒரு ரூம். ரூம்மேட் செல்வம் காலேஜிலேயே செங்கொடி பிடித்தவன். நான் லீவு முடிந்து திரும்பியபோது ரூமையே மாற்றியிருந்தான். சமையலுக்கு முறை வைத்திருந்தான். சோப்பிலிருந்து சட்டை வரை பொது.

"கிப்புட்ஸ்டா மாப்ள!" என்றான். யூதர்களுக்குத் தனி நாடு கேட்ட சியோனிஸ்டுகளில் சோஷலிஸ்டுகளும் உண்டு. அவர்கள் அமைத்த, முதலாளி இல்லாத கூட்டுப் பண்ணைதான் கிப்புட்ஸ். எங்கோ படித்துவிட்டு மூச்சுவிடாமல் விளக்கினான். "அவங்களும் நம்மாளுங்கதான்டா. இல்லன்னு அழிச்சிட முடியுமா?"

எல்லாம் சரி. என் கட்டிலில் யார் அது?

"குமார். கம்பெனிய மூடிட்டாங்க, தங்கியிருந்த லேபர் கேம்ப்லேருந்து தொரத்திட்டாங்க. எங்க போவான், பாவம்? நாங்க ஏகமனதா முடிவெடுத்தோம்."

"நான் ஊர்ல இருக்கறப்ப என்னடா ஏகமனது?"



குமார் பையைத் தூக்கினான். "உங்க கட்டில்னு தெரியாதுண்ணே. நான் கெளம்பறேன்."

எங்கே கிளம்புவான்? அவனுக்குப் போக்கிடமில்லை என்பது நிஜம். கட்டில் என்னுடையது என்பதும் நிஜம். இரண்டு நிஜத்துக்கும் ஒரே மெத்தை!

"கீழ வைடா பைய. யல்லா, வாங்க, மொதல்ல டீ போடுங்க" என்றேன்.

மறுவாரம் குமாருக்கு ஒரு பேக்கரியில் நைட் டியூட்டி கிடைத்தது. பகலில் கட்டில் அவனுக்கு, இரவில் எனக்கு. தலையணையில் எப்போதும் ரொட்டி வாசனை. வெள்ளிக்கிழமைகளில் பிரியாணியும் சியோனிசமும் சேர்ந்தே வெந்தன. எத்தனை கத்தல், எத்தனை சிரிப்பு! இப்போது ரூமில் ஆளுக்கொரு லேப்டாப்... யாரோடு சண்டை போட?

அந்த மேஜைக்காரருக்கு என் பதில்: இடதுசாரி சியோனிஸ்டுகள் இருந்தார்கள் சார். கிப்புட்ஸ் வேலிக்குள் அவர்கள் கட்டிய சமத்துவம் அசல். அடைக்கலம் தேடி ஓடிவந்த பயமும் அசல். ஆனால் அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தவரை யாரும் கேட்கவில்லையே?

கடையிலிருந்தே, இப்போது தோஹாவில் இருக்கும் செல்வத்துக்கு போன் போட்டு, கட்டில் கதையை எடுத்தேன்.

"அடப்பாவி, அந்தக் கட்டில இன்னுமா ஞாபகம் வச்சிருக்க?"

"படுத்தவன் மறக்கலாம்டா. திரும்பி வந்து நின்னவன் எப்படி மறப்பான்?"