எலாதியோவின் வலது கை

பயாமோ நகரத்தில் குதிரை வண்டிகள் திரும்பும் மூலையில் பஞ்சர் ஒட்டும் எலாதியோவைப் புதிதாகப் பார்க்கிறவர்கள், பாவம், இவனுக்கு வலது கை விளங்காது போலிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். டயரைக் கழற்றுவது இடது கை. நெம்புகோலை அழுத்துவது கால். டியூப் நழுவினால் பிடித்துக்கொள்வது பல். வலது கை மட்டும் ஒரு தோல் கையுறைக்குள், மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, ஒரு வேலையும் செய்யாமல் இருக்கும்.

அந்தக் கையுறைக்குள் நான்கு நகங்கள் இருந்தன. கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிரம். அந்த நான்கையும் நம்பித்தான் எலாதியோ நாற்பத்தாறு வயது வரை உயிர் வாழ்ந்துகொண்டிருந்தான்.

அவன் கிடார் வாசிக்கிறவன். பிளாஸ்டிக் சில்லை வைத்து மீட்டுகிறவன் இல்லை, விரலால் மீட்டுகிறவன். முதலில் விரல் நுனியின் சதை கம்பியைத் தொட வேண்டும், அடுத்த கணம் நகம் வழுக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். அப்போதுதான் ஒலி உருண்டு வரும். நகத்தின் ஓரத்தில் உப்புக்கல் அளவுக்குப் பிசிறு இருந்தாலும் போதும், கம்பி கீச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கிடார்காரன் எவனும் பையில் அரம் இல்லாமல் வெளியே போக மாட்டான். ஆனால் எலாதியோவின் பையில் இருந்ததை வைத்து ஒரு கடையே போடலாம். உருவம் கொடுக்கக் கண்ணாடி அரம். ஓரம் தட்டப் பழைய இரும்பு அரம். வழவழப்பாக்க மூன்று தினுசு வாட்டர் பேப்பர். கடைசியில் பளபளப்பு ஏற்ற, செருப்பிலிருந்து அறுத்த ஒரு தோல் துண்டு.

வாட்டர் பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து, சொரசொரப்புப் பக்கம் மேலே இருக்கும்படி கம்பியின்மீது மடித்துப் போட்டு, அதன்மேலேயே வாசிப்பான். நகம் எந்தச் சாய்வில் கம்பியை விட்டுப் போகிறதோ அந்தச் சாய்விலேயே தேயும். நல்ல முறைதான், யாரும் குறை சொல்ல முடியாது. பத்து தடவை மீட்டிவிட்டுப் பேப்பரை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். இவன் எடுக்க மாட்டான். ஒன்று சரியானால் பக்கத்து விரல் மட்டமாகத் தெரியும். அதைச் சரி செய்தால் முதலாவது மறுபடி நெட்டையாகத் தெரியும். உட்கார்ந்தால் தேய்ப்பு, நின்றால் தேய்ப்பு. சவ ஊர்வலத்தில்கூடத் தேய்த்துக்கொண்டு நடந்தான் என்று தெரு சொல்லும்; தெரு பொய் சொல்லவில்லை, நானும் அந்த ஊர்வலத்தில்தான் போனேன்.

அவன் மனைவி சொராய்தா வீட்டு முன்னறையில் பெண்களுக்கு நகம் செய்கிறவள். அவளுடைய பத்து நகங்களும் அசல், நீளம், பாதாம் பருப்பின் வடிவம், ரத்தச் சிவப்பு. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது; தெருவில் நின்று கை வீசிப் பேசினாலே போதும், வாடிக்கை வந்துவிடும். ஒரே வீட்டில் இரண்டு நகப் பைத்தியங்கள் என்று ஊர் சிரித்தது. அவளுக்குக் காரியம் நடந்தது. இவனுக்குத்தான் நடக்கவில்லை.

மாகாண இசைக் குழுவில் சேர வேண்டுமென்றால் தேர்வாளர்கள் முன்னால் வாசித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது கிடைத்தால் மாதச் சம்பளம், மாலையில் ஓட்டல் முற்றத்தில் வாசிப்பு, பஞ்சர் கடைக்கு ஒரு கும்பிடு. எலாதியோ பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் தோற்றிருந்தான். முதல் தடவை, ஒரு வாரம் முன்னால் நடுவிரல் நகம் பிளந்துவிட்டது. இரண்டாம் தடவை, சொராய்தாவின் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் நகம் ஒட்டிக்கொண்டு போனான். அது பாட்டின் நடுவே பறந்து போய்த் தேர்வாளர் ஒருவரின் காப்பிக் கோப்பைக்குள் விழுந்தது. "நகம் மட்டும் சரியா இருந்திருந்தா!" என்று இரண்டு தடவையும் வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டான். சொராய்தாவும் கூடச் சேர்ந்து அந்த நகங்களைத் திட்டித் தீர்த்தாள்.

மூன்றாவது அழைப்பு ஒரு வியாழக்கிழமைக்கு வந்தது. இதுவும் போனால் ஐந்து வருஷம் கழித்துத்தான் வரலாம். அப்போது அவனுக்கு ஐம்பத்தொன்று ஆகியிருக்கும்.

புதன்கிழமை காலையில் சொராய்தா அவன் விரல்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான்கும் முத்துப் போல இருந்தன. உடனே அவன் பையைப் பிடுங்கி அரம், பேப்பர், தோல் துண்டு எல்லாவற்றையும் தன் மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள்.

"இனிமே இதைத் தொட்டே, கெட்டே. நாளைக்கு வாசிச்சு முடிக்கிற வரைக்கும் சாவி என்கிட்டதான்."

"மோதிர விரல்ல மட்டும் லேசா..."

"போடா கிழவா! போய் டயரைப் பாரு."

போனான். அன்றைக்கென்று மழை பிடித்துக்கொண்டது. வாசிக்க வேண்டிய பாட்டுகளை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கலாமே? மாட்டான். கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். கட்டைவிரலால் மற்ற மூன்று நகங்களின் ஓரத்தையும் தடவிக்கொண்டே நடந்தான். வண்டிக்காரன் தெல்ஃபின் நனைந்த குதிரையோடு வந்து, காற்று இறங்கிய டயரைத் தூக்கிப் போட்டான்.

"என்ன மச்சான், குட்டி போட்ட பூனையாட்டம் சுத்துறே? நாளைக்குத்தானே பரீட்சை?"

"மோதிர விரல்ல ஏதோ இடிக்குதுடா."

"உனக்கு எப்பத்தான் இடிக்கல? உன் கல்யாணத்தன்னிக்கே மோதிரத்தைப் பாதிரியார் கையில விட்டுட்டு நகத்தைப் பார்த்துட்டு நின்னவன் நீ. சீக்கிரம் ஒட்டுய்யா, குதிரைக்கு ஜலதோஷம் பிடிச்சுக்கும்."

எலாதியோ டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை தேடினான். ஓட்டை இரண்டு இடத்தில் இருந்தது, அவசரத்தில் வலது கையையும் முக்கினான். கையுறையின் தையல் விட்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை. தெல்ஃபின் போன பிறகு கழற்றிப் பார்த்தால் விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன.

தண்ணீரில் ஊறிய நகத்தை அரத்தால் தொடக்கூடாது. கிடாரைக் கையில் எடுத்த முதல் வாரமே எவனுக்கும் தெரிந்துவிடும் சங்கதி இது. ஊறிய நகம் ஏடு ஏடாகப் பிரியும். ஒரு மணி நேரம் சும்மா விட்டிருந்தால் தானாகக் காய்ந்து இறுகியிருக்கும். அந்த ஒரு மணி நேரம் அவனால் சும்மா இருக்க முடியவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது அங்கேதான்.

அரம் இல்லை. ஆனால் பஞ்சர் ஒட்டும் முன் டியூபைச் சுரண்ட வைத்திருக்கும் முரட்டு உப்புத்தாள் இருந்தது. மோதிர விரலில் ஒரே ஒரு இழுப்புதான் இழுத்தான். ஓரம் பஞ்சாகப் பிரிந்தது. பிரிந்ததை எடுக்க இன்னும் இரண்டு இழுப்பு. இப்போது அது குட்டையாகிவிட்டது, ஆகவே நடுவிரலை அதற்குச் சமமாக்கினான். அதுவும் பிரிந்தது. பிறகு ஆள்காட்டி. நிறுத்து நிறுத்து என்று வாய் முணுமுணுத்தது, கை நிற்கவில்லை. மழை விட்டபோது மூன்று விரலிலும் நகம் சதையோடு சமமாக இருந்தது. கட்டைவிரல் தப்பியது, மற்ற விரல்கள் எரிந்த எரிச்சலில் அதைத் தேய்க்க முடியாததால்.

வீட்டில் அவன் கையைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு இடது கையால் சாப்பிட்டான். எப்போதும் எதற்கும் அவன் இடது கைதான் என்பதால் சொராய்தாவுக்குச் சந்தேகமே வரவில்லை. விடிந்து, காப்பிக் கோப்பையை நீட்டும்போதுதான் பார்த்தாள்.

கோப்பையைக் கீழே வைத்தாள். அப்புறம் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது.

"மணி ஏழு. பத்து மணிக்குப் பரீட்சை," என்று கடைசியில் சொன்னாள். "பிளாஸ்டிக் நகம் பேச்சே வேணாம். போன தடவை பட்டது போதும்."

"சதையாலயே வாசிச்சுடறேன்."

"சதையால வாசிச்சா முதல் வரிசைக்குக்கூடக் கேக்காது. கையை நீட்டு."

அவள் இழுப்பறையைத் திறந்து நகவெட்டியை எடுத்தாள். அவன் விரல்களையும் தன் விரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தாள். அவன் விரல் அகலம். அவளுடைய இரண்டு கட்டைவிரல் நகங்களும் ஒரு நடுவிரல் நகமும்தான் பொருந்தும்போல் இருந்தன. என்ன செய்யப் போகிறாள் என்று அவனுக்குப் புரிவதற்குள் முதலாவது டக்கென்று மேஜைமேல் விழுந்தது.

"சொராய்தா! ஐயோ, வேணாம்மா!"

"வாயை மூடு. ஆட்டாதே கையை."

மூன்றையும் வெட்டினாள். சிவப்புப் பூச்சைத் துடைத்தாள். அவன் நகங்களின் மிச்ச நுனியில் துளிப் பசை வைத்து ஒட்டி, இடைவெளியில் சமையல் சோடா மாவு தூவி, மேலே இன்னொரு சொட்டுப் பசை விட்டாள். கல்லாக இறுகியது. பிறகு தன் கையாலேயே கண்ணாடி அரத்தைப் போட்டு, கம்பி எந்தப் பக்கம் போகும் என்று அவனிடம் கேட்டுக் கேட்டுச் சாய்வு கொடுத்தாள். எட்டரைக்கு முடித்துவிட்டாள். அவன் கிடாரை எடுத்து ஒரு கம்பியை மீட்டினான். அப்படி ஒரு ஒலி அவன் விரலிலிருந்து அதுவரை வந்ததே இல்லை. "இன்னும் கொஞ்சம்..." என்று அவன் ஆரம்பிப்பதற்குள் அவள் அரத்தை ஜன்னல் வழியே கோழிகளுக்கு நடுவில் எறிந்துவிட்டாள்.

இசைக் குழு அலுவலகத்துக்கு எதிரே பூங்காவில் சொராய்தா உட்கார்ந்துகொண்டாள். தெரிந்தவள் யாராவது வந்து கையைப் பார்த்துவிடப் போகிறாள் என்று இரண்டு முஷ்டியையும் மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே மூன்று பேர். தலைவி நரைத்த தலையை ஆட்டி ஆரம்பிக்கச் சொன்னாள். முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவது, மூன்று விரலும் மாறி மாறி ஒரே கம்பியைத் தொட்டு நடுங்கும் மெட்டு. ஒவ்வொரு ஒலியும் உருண்டு விழுந்தது. தேர்வாளர்களில் ஒருவன் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். பாதி வரை வந்தான் எலாதியோ. அங்கே மெட்டு திரும்ப வேண்டும். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இடது கை தேடியது, நின்றது. மன்னிப்புக் கேட்டுவிட்டு முதலிலிருந்து வாசித்தான். அதே இடத்தில் மறுபடி நின்றான். பழக்கத்தில் விரல்களைக் குனிந்து பார்த்தான். ஒரு பிசிறும் இல்லை. திட்டுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

"ஒலி ரொம்ப அழகா இருக்குங்க," என்றாள் தலைவி. "ஆனா பாட்டு உங்களுக்குப் பாடம் இல்லையே. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் சாதகம் பண்றீங்க?"

"நாலு மணி நேரம்," என்று பட்டென்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது: அந்த நான்கில் மூன்று மணி நேரம் அரத்தோடு போனது.

"இந்தத் தடவை இல்லை," என்றாள் அவள்.

வெளியே வந்தபோது சொராய்தா எழுந்து ஓடி வந்தாள். அவன் முகத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது அவளுக்கு.

"எது விழுந்துச்சு? ஆள்காட்டியா? அங்கதான் எனக்குப் பயமாவே இருந்துச்சு. பசை இன்னொரு சொட்டு விட்டிருக்கணும், என் தப்புதான்..."

அவளே பதிலையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் பசையைத் திட்டியிருப்பாள், ராத்திரிக்குள் அவனுக்குச் சமாதானம் சொல்லியிருப்பாள். எலாதியோ தலையை ஆட்டத்தான் நினைத்தான். அவளுடைய மூடிய முஷ்டிகளைப் பார்த்தான்.

"எதுவும் விழல," என்றான். "நகம் அருமையா இருந்துச்சு. நான்தான் பாட்டை மறந்துட்டேன்."

அவள் அவன் முன்னால் வந்து வழிமறித்து நின்றாள்.

"அப்ப போன தடவை?"

"அப்பவும் நகம் பறக்கறதுக்கு முன்னாடியே நின்னுட்டேன்."

"முதல் தடவை?"

எலாதியோ தலையைக் குனிந்துகொண்டான். சொராய்தா கைகளை விரித்து, பாழாய்ப்போன தன் மூன்று விரல்களைப் பார்த்தாள். பிறகு அவன் நெஞ்சில் ஓங்கிக் குத்தினாள், இரண்டாவது குத்துக்குக் கையைத் தூக்கியவள் அழுதுவிட்டாள்.

"பன்னெண்டு வருஷமா உன் நகத்தைத் திட்டிட்டு இருந்தேனேடா, பாவி," என்றாள்.